மருந்துக்கு மேல் மருந்து!

வயது முதிர்ந்த ஒருவர் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து எழுந்து வீடு திரும்புகிறார். போகும்போது பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு என்று மூன்று மாத்திரை சாப்பிட்டுக் கொண்டிருந்தவர், திரும்பும்போது ஒரு பை நிறைய மாத்திரை அட்டைகளோடு வருகிறார். காலையில் ஐந்து, மதியம் இரண்டு, இரவு நான்கு! பார்க்க வந்த உறவினர்கள், "பெரிய ஆஸ்பத்திரி அல்லவா, எவ்வளவு மருந்து கொடுத்திருக்கிறார்கள் பார்!" என்று வியக்கிறார்கள். மருந்தின் எண்ணிக்கையைக் கொண்டே வைத்தியத்தின் உயர்வை அளக்கும் இந்த மனப்பான்மை நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. கொடுப்பவர்களுக்கும் அது இருக்கிறது. வாங்குகிறவர்களுக்கும் அது இருக்கிறது. இடையில் அவதிப்படுகிறவர், அத்தனையையும் விழுங்க வேண்டிய முதியவர்தான்.

ஒருவர் ஒரே காலத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை நாள்தோறும் சாப்பிட்டு வந்தால் அதைப் 'பன்மருந்து நிலை' என்று மருத்துவ உலகம் குறிப்பிடுகிறது. இது ஏதோ பணக்கார நாடுகளின் விவகாரம் என்று எண்ணிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2017 மார்ச்சில் 'தீங்கில்லா மருந்து' என்ற பெயரில் ஓர் உலக இயக்கத்தையே தொடங்கியது. மருந்தினால் ஏற்படும் கடுமையான, தவிர்க்கக்கூடிய தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். உடனே கவனிக்க வேண்டியவை என்று அது மூன்றைச் சுட்டிக்காட்டியது: ஆபத்து மிகுந்த சூழ்நிலைகள் ஒன்று, பன்மருந்து நிலை ஒன்று, நோயாளி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாறும் வேளை ஒன்று. ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பும் முதியவரிடத்தில் இந்த மூன்றும் ஒருசேர வந்து நிற்கின்றன என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

மாத்திரை கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மருந்துகள் உடலுக்குள் சந்தித்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று கூட்டலாம், குறைக்கலாம், கெடுக்கலாம். இரண்டே மருந்தானால் சந்திப்பு ஒன்றுதான். ஐந்து மருந்தானால் இரண்டிரண்டாகச் சேரும் ஜோடிகள் 10. பத்து மருந்தானால் 45! மருந்து இரு மடங்காகும்போது ஜோடி நாலரை மடங்காகிறது. எல்லா ஜோடியும் சண்டை போடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 45 ஜோடிகளில் எது சண்டைக்கார ஜோடி என்று யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? பார்க்க யாருக்கு நேரமிருந்தது? அதுதான் கேள்வி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. முப்பது வயது உடலும் எண்பது வயது உடலும் ஒன்றல்ல. வயதாக ஆகச் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைகிறது. கல்லீரலுக்குள் பாயும் இரத்தம் குறைகிறது. உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. விளைவு என்ன? வெளியேற வேண்டிய மருந்து வெளியேறாமல் உள்ளேயே தங்குகிறது. டயசிபாம் என்ற தூக்க மருந்தை எடுத்துக்கொள்வோம். இருபது வயதுக்காரர் உடலில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 மணி நேரம் பிடிக்கிறது என்றால், எண்பது வயதுக்காரர் உடலில் ஏறத்தாழ 90 மணி நேரம் பிடிக்கிறது. முந்தாநாள் விழுங்கியது போகுமுன் நேற்றையது வருகிறது. நேற்றையது போகுமுன் இன்றையது வருகிறது. பெரியவர் பகலிலும் தள்ளாடுகிறார். இரவு கழிப்பறைக்கு எழுந்தவர் விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. "வயதாகிவிட்டது, விழுந்துவிட்டார்" என்று எழுதி முடித்துவிடுகிறோம். விழுந்தது வயதால்தானா, மாத்திரையாலா என்று யாரும் கேட்பதில்லை.

சர்க்கரைக்குக் காலங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்த கிளிபென்கிளமைடு மாத்திரையும் அப்படித்தான். அது நீண்ட நேரம் வேலை செய்வதால் முதியோருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் ஆபத்து உண்டு. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறித்துவிட்டது. ஆனாலும் பழைய சீட்டில் எழுதியதைப் புதிய சீட்டில் அப்படியே பார்த்து எழுதும் வழக்கம் இருக்கும் வரையில், எழுதிய பட்டியல் ஒரு பக்கமும் விழுங்கும் வாய் ஒரு பக்கமுமாகத்தானே இருக்கும்?

மருந்தே நோயாகி, அந்த நோய்க்கு மறு மருந்து எழுதப்படும் கதை இதைவிட வேதனையானது. பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரு மருத்துவ அறிஞர்கள் 1990களில் இதற்கு 'மருந்துத் தொடர் அருவி' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அது எப்படிக் கொட்டுகிறது என்று பாருங்கள். எழுபது வயது அம்மையார் ஒருவருக்கு இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபைன் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மருந்துதான்; ஆனால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வீக்கத்தைக் கண்ட இன்னொரு டாக்டர், நீர் இறங்க ஃபுரோசிமைடு எழுதுகிறார். நீர் இறங்குகிறது, கூடவே பொட்டாசியமும் இறங்குகிறது. கால் சோர்கிறது, பிடித்து இழுக்கிறது. அதற்கு மூன்றாமவர் வலி மாத்திரை எழுதுகிறார். வலி மாத்திரையால் வயிறு எரிகிறது. அதற்குக் கேஸ் மாத்திரை. அத்தோடு நின்றதா? வலி மாத்திரைக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றும் குணமும் உண்டு. அழுத்தம் ஏறிவிட்டது என்று அம்லோடிபைனை இரட்டிப்பாக்குகிறார்கள். கால் இன்னும் வீங்குகிறது! தொடங்கிய இடத்திற்கே வந்து சேர்ந்தாயிற்று. செக்கு மாடாவது சுற்றிச் சுற்றி எண்ணெய் தருகிறது; இந்தச் சுற்றில் வருவது என்ன?

இந்தச் சங்கிலியின் நடுவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில வகை மருந்துகள், நீர் இறக்கும் மருந்து, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். முதல் இரண்டும் டாக்டர் எழுதியவை. மூன்றாவதோ, மூட்டு வலிக்கு என்று தெருமுனைக் கடையில் சீட்டு இல்லாமலே வாங்கியது. டாக்டர் கேட்கவில்லை, பெரியவர் சொல்லவில்லை, கடைக்காரர் கவலைப்படவில்லை. பழி மட்டும் சிறுநீரகத்தின் தலையில்!

வார்டுக்குள் போய்ப் பார்த்தால் இன்னொரு காட்சி. நேற்றுவரை தெளிவாகப் பேசிய முதியவர் இன்று ஆள் அடையாளம் தெரியாமல் உளறுகிறார்; இரவெல்லாம் எழுந்து ஓடப் பார்க்கிறார். சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை முதியோரின் மூளையைக் குழப்பக்கூடியவை, சிறுநீரை அடைக்கக்கூடியவை, மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியவை. தனித்தனியே சிறிய பாரம்; ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினால் முதுகு ஒடியும். இதை உணராமல், "பெரியவர் அடங்க மாட்டேன் என்கிறார்" என்று மேலும் ஒரு ஊசி போடுவது நெருப்பை எண்ணெய் விட்டு அணைப்பது போலாகும். முதியோருக்குப் புதிதாக எந்தக் கோளாறு தோன்றினாலும், முதல் சந்தேகம் மருந்தின் மேல்தான் விழ வேண்டும். அது தீர்ந்த பிறகே அடுத்த மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இப்படியெல்லாம் எழுதுவதால் நாம் மருந்துக்கே விரோதிகள் என்றோ, டாக்டர்களைத் தூற்றுகிறோம் என்றோ யாரும் கருத வேண்டாம். மாரடைப்பிலிருந்து தப்பிய ஒருவருக்கு இரத்தம் உறையாதிருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, இதயத் துடிப்புக்கு ஒன்று, அழுத்தத்திற்கு ஒன்று என்று நான்கு மருந்து தருவது நியாயம். அது உயிர் காக்கிறது. அதில் ஒன்றைப் பிடுங்குவதுதான் குற்றம். தேவையான மருந்து முதியோருக்குக் கிடைக்காமல் போவதும் உண்டு, அதுவும் தவறுதான். எண்ணிக்கையை மட்டும் வைத்து நாம் குறை சொல்ல வரவில்லை. ஒவ்வொரு மருந்தும் 'ஏன் இருக்கிறேன்' என்பதற்குப் பதில் சொல்ல முடிகிறதா என்பதே கேள்வி. பதில் சொல்ல முடிந்த எட்டு மருந்து இருக்கட்டும். பதில் சொல்ல முடியாத ஒன்று ஏன் இருக்க வேண்டும்?

இன்னொன்றையும் இங்கேயே அழுத்தமாகச் சொல்லி வைக்கிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மருந்து, வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு, நெடுநாள் பழகிய தூக்க மாத்திரை இவற்றைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே உலை வைக்கும். குறைப்பதும் ஒரு வைத்தியம்தான். டாக்டர் கண்காணிப்பில், படிப்படியாகச் செய்ய வேண்டிய வைத்தியம்.

அப்படியானால் குற்றவாளி யார்? தனி மனிதரைத் தேடினால் கிடைக்க மாட்டார். இதயத்திற்கு ஒரு டாக்டர், சிறுநீரகத்திற்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர். ஒவ்வொருவரும் தம் உறுப்பைக் காப்பாற்றத் தம் மருந்தை எழுதுகிறார்கள். மனிதன் முழுவதற்கும் பொறுப்பாளி யார்? முதியோர் பலருக்கு நோய் ஒன்றல்ல, நான்கைந்து. ஆனால் மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளிலோ, பல நோய் உள்ள முதியோரை ஒதுக்கிவிட்டு, ஒரே நோய் உள்ளவர்களைச் சேர்ப்பதே பெருவழக்கம். யாரிடம் சோதிக்கவில்லையோ அவர்களுக்கே அதிகமாகக் கொடுக்கிறோம்!

நேரமோ அதைவிடப் பஞ்சம். 67 நாடுகளில் டாக்டர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தை ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்வீடனில் 22 நிமிடத்திற்கு மேல். வங்காளதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் ஏறத்தாழ 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் ஒன்பது மருந்தை எழுதிவிடலாம். ஒன்பதில் இரண்டை நிறுத்த வேண்டுமானால் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், விளக்க வேண்டும். எழுதுவது சுலபம், நிறுத்துவது கடினம் என்று ஏற்பாடு இருந்தால் எது நடக்கும்?

இதன் மேல் மருந்து வியாபாரம் என்ற பூதம் வேறு ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரே மருந்துக்கு நூறு வணிகப் பெயர்! டோலோ, கால்பால், குரோசின் என்று மூன்று அட்டையை முதியவர் பையில் வைத்திருந்தால், மூன்று மருந்து என்றே அவர் நம்புவார். உள்ளே இருப்பது மூன்றிலும் பாரசிட்டமால்தான். இரண்டு டாக்டர்கள் இரண்டு பெயரில் ஒரே மருந்தை எழுதினால், இரட்டை அளவை விழுங்குவதைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்? மருந்துகளின் பொதுப் பெயருக்குப் படிப்படியாக மாற வேண்டும் என்று ஹாத்தி கமிட்டி 1975லேயே சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர்கள் பொதுப் பெயரில்தான் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்திலேயே அதை நிறுத்தி வைத்தது. தரமற்ற மருந்து வந்துவிடும் என்பது டாக்டர்களின் அச்சம். அந்த அச்சத்தில் நியாயமில்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் தரத்தைச் சோதிக்க வேண்டியது சர்க்காரின் கடமை. அந்தக் கடமையைச் செய்யாததற்குத் தண்டனை முதியவருக்கா?

இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் குழைத்து விற்கும் கூட்டு மருந்துகளின் கதையும் இதுதான். நியாயமில்லாத கூட்டு என்று 2016 மார்ச்சில் 344 வகைகளை மத்திய சர்க்கார் தடை செய்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. அவ்வாண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்று, நிபுணர் குழு மறுபடி ஆராய்ந்து, 2018 செப்டம்பரில் 328 வகைகளுக்குத் தடை வந்தது. 2024 ஆகஸ்டில் மேலும் 156 வகைகள் தடை செய்யப்பட்டன. தடை செய்வதை வரவேற்கிறோம். ஆனால் தடை செய்யும் நாள் வரையில் இவற்றை விழுங்கியவர்கள் யார்? முதலில் அனுமதித்தவர்கள் யார்? அனுமதி கொடுத்த கை எது என்று கேட்காமல், தடை போட்ட கைக்கு மாலை போட்டுப் பயனில்லை.

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. முதியோருக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகள் இவை என்று 1991இல் அமெரிக்காவில் மார்க் பீர்ஸ் என்ற டாக்டர் தம் குழுவினரோடு பட்டியல் ஒன்றைத் தயாரித்தார். அப்பட்டியல் பலமுறை திருத்தப்பட்டு 2023இல் புதிதாக வெளிவந்தது. நிறுத்த வேண்டியவை எவை, தொடங்க வேண்டியவை எவை என்று இரண்டு பக்கத்தையும் சொல்லும் பட்டியல் ஒன்றை அயர்லாந்து மருத்துவர்கள் 2008இல் வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்து சர்க்கார் 2012 முதல் பன்மருந்து நிலைக்கென்றே வழிகாட்டி வைத்திருக்கிறது. இங்கிலாந்து 2021இல் நடத்திய ஆய்வு, எழுதப்படும் மருந்துகளில் பத்தில் ஒரு பங்கு தேவையற்றது என்றும், 65 வயதைத் தாண்டியவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வதில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று மருந்தின் தீய விளைவால் நேர்கிறது என்றும் ஒப்புக்கொண்டது. கணக்கெடுத்தார்கள், கண்டுபிடித்தார்கள், வெளியில் சொன்னார்கள். நம் நாட்டில் அந்தக் கணக்கை எடுக்கும் ஆஸ்பத்திரிகள் எத்தனை?

தமிழ்நாட்டுக்கு இதில் வழிகாட்டும் தகுதி உண்டு என்று நாம் உறுதியாக நம்புகிறோம். 2011 கணக்கெடுப்பின்படியே நம் மக்களில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1978லேயே முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது. முதியோர் மருத்துவத்திற்கென்று பட்ட மேற்படிப்பை இந்தியாவிலேயே முதலாவதாக 1996இல் தொடங்கிய பெருமை சென்னை மருத்துவக் கல்லூரிக்கு உண்டு. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப் பெயரில் மருந்து வாங்கித் தருவதில் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக இருந்து வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டு போகிறது. இத்தனை வசதி எத்தனை மாநிலத்தில் இருக்கிறது? ஆனால் மருந்தைக் கொண்டு போய்ச் சேர்ப்பதில் காட்டிய அக்கறையை, போன மருந்து தேவைதானா என்று திரும்பிப் பார்ப்பதிலும் காட்ட வேண்டாமா?

ஆகவே சில யோசனைகளைச் சர்க்காரின் முன் வைக்கிறோம்.

முதலாவது: அறுபது வயதைக் கடந்த எவரும் அரசு ஆஸ்பத்திரியில் சேரும்போது, அவர் வீட்டில் சாப்பிடும் மருந்து அத்தனையையும், கடையில் வாங்கியது, நாட்டு மருந்து, கண் சொட்டு மருந்து உட்பட, கேட்டு எழுத வேண்டும். வீடு திரும்பும்போது தொடர வேண்டியது எது, நிறுத்தியது எது, புதியது எது என்று மூன்று பிரிவாக எழுதித் தர வேண்டும். நிறுத்திய மருந்தை வீட்டில் பழைய அட்டையிலிருந்து எடுத்து விழுங்குவதைத் தடுக்க வேறு வழியில்லை.

இரண்டாவது: அந்த டிஸ்சார்ஜ் சீட்டு தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மருந்தின் பொதுப் பெயர், எதற்காக, எந்த வேளை, எத்தனை நாள் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 'எத்தனை நாள்' என்ற கட்டம் காலியாக இருப்பதால்தான், பத்து நாளுக்கு எழுதிய கேஸ் மாத்திரை பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது: மருந்தியலில் ஆறாண்டு படிக்கும் ஃபார்ம்.டி. படிப்பு 2008 முதல் நம் நாட்டில் இருக்கிறது. அவர்களையும் மருந்தாளுநர்களையும் மருந்து எண்ணித் தரும் ஜன்னலுக்குப் பின்னால் மட்டும் நிறுத்தாமல், முதியோர் வார்டில் டாக்டரோடு நடந்து வரச் செய்ய வேண்டும். 45 ஜோடியையும் பார்க்க டாக்டருக்கு நேரமில்லை என்றால், பார்க்கப் படித்தவர் பார்க்கட்டுமே!

நான்காவது: வீடு தேடி மருந்து கொண்டு போகும் பெண் தன்னார்வலர்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துவரச் சொல்ல வேண்டும். அங்கே அதைக் கொட்டிப் பார்த்து, காலாவதியானது, இரட்டிப்பானது, தேவையற்றது என்று பிரித்தெடுக்க ஒரு நாள் ஒதுக்க வேண்டும். இதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் வேண்டியதில்லை. மேஜை ஒன்றும் பொறுமையும் இருந்தால் போதும்.

ஐந்தாவது: தனியார் ஆஸ்பத்திரிகளையும் இந்த ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டும். மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குப் பரிசு தருவதைத் தடுக்க 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் வெளியிட்டது ஒரு நெறிமுறைதானே தவிர, தண்டிக்கும் பல் உள்ள சட்டமல்ல. புகாரை விசாரிப்பதும் கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் குழு! திருடனைப் பிடிக்கத் திருடனின் அண்ணனையே காவல் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? அதைச் சட்டமாக்க வேண்டும்.

பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டரிடம் போனால் ஊசியும் கைநிறைய மாத்திரையும் வாங்கினால்தான் திருப்தி என்ற எண்ணத்தை விட்டொழியுங்கள். "இந்த மாத்திரை எதற்கு? எத்தனை நாளைக்கு? ஏற்கெனவே சாப்பிடுவதோடு சேருமா? இதில் எதையாவது நிறுத்தலாமா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல; கேட்க வேண்டியது உங்கள் உரிமை. வீட்டிலுள்ள பெரியவர்களால் கேட்க முடியாவிட்டால் பிள்ளைகள் உடன் சென்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து உங்கள் தாயாருக்கும் கேட்கும் என்று கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

உழைத்து உழைத்து ஓடாய்த் தேய்ந்த தலைமுறை அது. வயலிலும் ஆலையிலும் தறியிலும் அடுப்படியிலும் தம் உடலைச் செலவழித்துத்தான் அவர்கள் இந்த நாட்டை இந்த அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசிக் காலத்தில் அவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தெளிவான புத்தியோடு பேரப்பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். விழாமல் நாலடி நடக்க வேண்டும். அதைக் காப்பாற்றத்தான் மருந்து, அதைப் பறிப்பதற்கல்ல. புதிய மருந்தை எழுதும் பேனாவுக்கு, தேவையற்ற மருந்தை அடிக்கும் துணிவும் வர வேண்டும். அந்தத் துணிவுக்கு வேண்டிய நேரத்தையும் ஆளையும் விதியையும் தர வேண்டியவர்கள் ஆட்சியாளர்கள்.

தருவார்களா? தாமதமின்றி ஆவன செய்வார்களாக!